பேர்த்தியின் காவல்: வன்னிப் பேரப்பிள்ளைகளின் சட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழிலே தாயின் தந்தையையும் பேரன் என்கிறோம். மகளின் மகனையும் பேரன் என்கிறோம். பாட்டியும் பேர்த்தி, பிள்ளை பெற்ற பெண்குழந்தையும் பேர்த்தி. தமிழகத்து நண்பர்கள் இவ்வழக்கைக் கேட்டு மயங்குவதுண்டு. பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இட்டு வழங்கிய பழைய வழக்கத்திலிருந்து பிறந்த சொல் அது. பெயர் இருவர்க்கும் பொதுவானமையால் உறவுச் சொல்லும் இருவர்க்கும் பொதுவாயிற்று. நடுவிலே நிற்கும் தலைமுறையைத் தாண்டி, இரு முனைகளையும் ஒரே சொல்லாற் கட்டி வைத்திருக்கிறது மொழி.

சட்டம் அவ்வாறு கட்டி வைக்கவில்லை. சட்டத்தின் கண்ணிலே பேர்த்திக்கும் பிள்ளைக்கும் நடுவே பெற்றோர் நிற்கின்றனர். அவர்கள் இல்லாதவிடத்து, ஏன் இல்லை என்பதை நிறுவிய பின்னரே பேர்த்தி பிள்ளையின் அருகே வரலாம். 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் வன்னிப் பெருநிலத்திலே, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலே, இந்த இடைவெளியைக் கடக்க முயன்று அலுவலகப் படிகளில் ஏறியிறங்கிய முதியோர் பலர். அவர்களது துயரைத் தனிமனிதர் சிலரின் விதியாகக் கொள்ளாது, வரலாற்றில் வைத்து நோக்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்க்கு இத்துயர் புதிதன்று. மாணவர் அனுமதிப் படிவத்திலே ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்றொரு வரி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மூதாட்டி அந்த வரியிலே விரலை வைத்துக்கொண்டு என் முன்னே நின்றார். கையிலே ஒரு பொலித்தீன் பை. அதனுள்ளே பேரப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், முகாமிலே கொடுத்த குடும்ப அட்டை, காணாமற்போன மகளைப் பற்றி ஆணைக்குழுக்களுக்கு அளித்த முறைப்பாடுகளின் பிரதிகள் எனப் பல கடதாசிகள். மடித்து மடித்து மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது. பாதுகாவலர் என்பதற்கு ஆதாரம் இல்லையென்று ஓர் அலுவலகத்திலே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மகளின் மரணத்தைப் பதிந்துவிட்டால் எல்லாம் எளிதாக முடியும் என்று அங்கே ஒருவர் ஆலோசனையும் கூறியிருக்கிறார்.

“என்ரை பிள்ளை செத்துப்போனாள் எண்டு நான் எப்பிடி ஐயா கையெழுத்து வைக்கிறது? நாளைக்கு இந்தப் பிள்ளை வளர்ந்து கேட்டால் நான் என்ன சொல்லுவன்?” என்றார்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. பிள்ளையை வைத்திருப்பதற்குத் தாயை இறந்தவளாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்னும் நிலை எவ்வாறு உண்டாயிற்று? இக்கேள்வியே பழைய சட்டங்களைப் புரட்டிப் பார்க்குமாறு என்னைத் தூண்டியது.

வடபுலத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையிலிருந்து தொடங்குவோம். ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் ஜோன் சைமன்ஸின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இவ்வழக்கங்களைத் தொகுத்து 1707ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஒப்படைத்தார். யான் பிரூஸ் என்பவர் தமிழாக்கினார். முதலிமார் பன்னிருவர் படித்துச் சரிபார்த்தனர். பின்னர் வந்த ஆங்கில அரசு 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தது. தொகுப்பு நிகழ்ந்த காலத்திலே வன்னி, ஒல்லாந்தருக்கு யானைத் திறை செலுத்திய வன்னியர் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்தவருக்கென்று எழுதப்பட்ட தேசவழமை, காலப்போக்கிலே வடமாகாணத் தமிழரின் வழக்கச் சட்டமாகக் கொள்ளப்படலாயிற்று.

அதிலே நம் பொருளுக்கு இன்றியமையாத இரு பகுதிகள் உள்ளன. தாய் இறந்தபின் தந்தை மறுமணம் செய்ய விரும்பினால், சிறு பிள்ளைகளை அவனுடைய மாமியோ நெருங்கிய உறவினரோ பொறுப்பேற்று வளர்ப்பது வழக்கம் என்கிறது ஒரு பகுதி. அவ்வாறு பிள்ளைகளைக் கொடுக்கும்போது, இறந்த மனைவி கொண்டுவந்த சீதனம் முழுவதையும், அம்மணவாழ்விலே தேடிய தேட்டத்திற் பாதியையும் அவன் உடன் கொடுக்கக் கடமைப்பட்டவன். பெற்றோர் இருவரும் இறந்துவிட்டால், இருபக்கத்து உறவினரும் ஒன்றுகூடிப் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று ஆராய்ந்து, தெரிவு செய்யப்பட்டவரிடம் பிள்ளைகளையும் முதுசொத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது மற்றொரு பகுதி.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, அம்மம்மாவின் கைக்குப் பிள்ளை வந்து சேர்வதை நம்மவர் வழக்கம் ஏற்றிருந்தது. இதைப் படிக்குங்கால் முதலில் தோன்றுவது மகிழ்ச்சியே. ஆயினும் மூலத்தின் சொல்லை உற்று நோக்குதல் வேண்டும். அவளைப் பிள்ளையின் பேர்த்தி என்று அது குறிக்கவில்லை. ஆணின் மாமி என்றே குறிக்கிறது. பிள்ளை வருவதும் தனியே வருவதன்று. சீதனக் காணியோடும் நகையோடும் வருகிறது. பெண்வழிச் சொத்து இன்னொரு பெண்ணின் மக்களுக்குப் போய்விடாமற் காக்க வேண்டும் என்ற கவலையே இவ்விதியின் உள்ளீடு. அக்கவலை வழியாகவேனும் பேர்த்திக்கு ஓர் இடம் கிடைத்தது என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் சீதனம் கொடுக்க வழியற்ற குடும்பத்தின் பேர்த்தியைப் பற்றித் தேசவழமை பேசுவதில்லை.

வழியற்றவர் மட்டுமல்லர், தம்மையே தமக்குரியவராகப் பெறாதவரும் அச்சமுதாயத்தில் இருந்தனர். அடிமைகளைப் பற்றியும் தேசவழமை விரிவாகவே விதிக்கிறது. வெவ்வேறு உடைமையாளருக்குரிய அடிமை ஆணும் அடிமைப் பெண்ணும் பெற்ற பிள்ளை, பெண்ணை உடையவனுக்கே சொந்தம். ஒரே நூல், ஒரே கைகள் எழுதியவை. வேளாளப் பேர்த்திக்குப் பிள்ளையைச் சீதனத்தோடு கொடுத்த சட்டம், அடிமைப்பட்ட சாதிகளிற் பிறந்த பேர்த்தியின் மடியிலிருந்த பிள்ளையை ஆண்டையின் கணக்கிலே எழுதியது. 1821ஆம் ஆண்டிலே ஆங்கில அரசு, கோவியர், நளவர், பள்ளர் சாதிகளில் அடிமைத்தாயருக்குப் பிறக்கும் பெண்குழந்தைகளை உடைமையாளருக்குப் பணங்கொடுத்து விடுவிக்கத் தொடங்கியது. விலை, இறைசால் என்று அன்று வழங்கிய நாணயத்தில் இரண்டு அல்லது மூன்று. 1844ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே அடிமைமுறையை இலங்கையில் முற்றாக ஒழித்தது. பழைய வழக்கத்தைப் போற்றுவோர் இப்பக்கத்தையும் சேர்த்தே படித்தல் வேண்டும். பிள்ளையின் காவல் உடைமையைத் தொடர்ந்தே சென்றது என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

ஆங்கிலர் ஆட்சியிலே தேசவழமை பெரும்பாலும் சொத்துச் சட்டமாகச் சுருங்கியது. பிள்ளையின் காவல், சட்டத் தமிழிற் கூறின் ‘கட்டுக்காப்பு’, நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின்பாற் சென்றது. அச்சட்டத்திலே தந்தையே பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலன். பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ தீங்கு நேரும் என்று காட்டினாலன்றி அவனது உரிமையை அசைத்தல் அரிது. தாயே அவனுக்கு அடுத்தபடியில் நின்ற காலத்திலே, பேர்த்தி மூன்றாமவளாகவே கருதப்பட்டாள். பிள்ளையின் நலனே தலையாயது என்னும் கொள்கையை நோக்கி நீதிமன்றங்கள் படிப்படியாகவே நகர்ந்தன.

1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் இவ்வாறே. பராயமடையாத பிள்ளைகளைப் பற்றிய அதன் அத்தியாயம், பிள்ளையின் சொத்தைப் பராமரிக்க உரிமை கோருபவர் மாவட்ட நீதிமன்றத்திலே சான்றிதழ் பெறுவதைப் பற்றியே முதலிற் பேசுகிறது. பிள்ளையின் ஆளுக்குப் பாதுகாவலரை நியமிப்பது அதனோடு ஒட்டி வருகிறது. சொத்தைக் காக்கக் கட்டிய வீட்டின் ஒரு மூலையிலே பிள்ளைக்குப் பாய் விரித்தது போன்றது அது.

உடைமையற்ற பிள்ளையை அரசு நோக்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான். தொழிலாளர் இயக்கமும் சர்வசன வாக்குரிமையும் கல்விக் கோரிக்கையும் வலுப்பெற்ற காலம் அது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையை, உறவினராயினும் அல்லாதவராயினும், விருப்பமுள்ள ‘தகுந்த ஆள்’ ஒருவரிடம் ஒப்படைக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அளித்தது. சொத்தைப் பற்றிய கேள்வி இங்கே முன்னிற்கவில்லை. 1941ஆம் ஆண்டின் மகவேற்பு பற்றிய கட்டளைச் சட்டம், மகவேற்றலோடு, பெற்றோரல்லாது பிள்ளைகளைப் பராமரிப்பவரைப் பதிவு செய்வதற்கும் வழி வகுத்தது. வறிய பேர்த்தி ஒருத்தி நீதவானின் முன் சென்று, இப்பிள்ளையை என்னிடம் தாருங்கள் என்று கேட்பதற்கான சட்ட வாயில் இக்காலத்திலேதான் திறந்தது. வாயில் திறந்திருந்தும் வன்னியிலிருந்து அதனை அடைவது எளிதாக இருக்கவில்லை.

வன்னியின் குடித்தொகையே இடம்பெயர்ந்தோரால் நிரம்பியது. இரணைமடுக் குளத்தை நம்பி வந்த குடியேற்றவாசிகள், 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்கு அஞ்சி வந்தோர், அவர்களுள்ளும் பெருந்தொகையினராக மலையகத்திலிருந்து ஓடிவந்த தோட்டத் தொழிலாளர் என இம்மண்ணின் குடும்பங்கள் ஏற்கனவே ஒருமுறையேனும் பிடுங்கி நடப்பட்டவை. மலையகத்தவரின் குடும்பங்களை 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் முன்னரே இருகூறாக்கியிருந்தது. தாத்தா ஒரு கரையிலும் பேரன் மறுகரையிலுமாகப் பிரிந்தவர்கள் அவர்கள். இருபக்க உறவினரும் ஒன்றுகூடிப் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்று ஆராயும் தேசவழமைக் காட்சியை இங்கே எண்ணிப் பாருங்கள். கூடுவதற்கு உறவினர் எங்கே? ஒப்படைப்பதற்கு முதுசொத்து எங்கே?

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், அலையிலே பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையைப் பாதுகாவலராக்கி, வளர்ப்புக் குடும்ப முறையொன்றை ஏற்படுத்தியது. ஒரு பேரழிவிலே பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் திரளாக நோக்கிச் சட்டம் இயற்ற அரசால் இயலும் என்பதற்கு இதுவே சான்று. அக்காலத்திலே வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்தது. அவர்களுக்கெனத் தனி நீதிமன்றங்களும் இருந்தன. அந்நீதிமன்றங்களின் கடதாசிகளுக்கு 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் அரச அலுவலகங்களில் மதிப்பிருக்கவில்லை.

போரின் இறுதி ஆண்டுகளை மறைக்காமற் சொல்லல் வேண்டும். வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் கட்டாய ஆட்சேர்ப்பு நடத்தினர். திருமணமானவரை விட்டுவிடுவர் என்ற நம்பிக்கையிலே, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அவசர அவசரமாக மணம் முடித்து வைத்தனர். பதிவாளரின் கையெழுத்து விழாத மணங்கள் அவற்றுட் பல. பின்னர் அந்தப் பாதுகாப்பும் இல்லாது போயிற்று. மறுபுறம் அரச படையின் எறிகணைகள், பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த நிலப்பரப்பிலும் விழுந்தன. பெற்றோரே பிள்ளைப்பருவம் கடவாத நிலையிற் பிறந்த கைக்குழந்தைகள், பதுங்கு குழிகளிலே பேர்த்திமாரின் மடிக்கு வந்து சேர்ந்தன. தந்தை பெயர் ஐயத்துக்குரியது. தாயின் திருமணம் பதிவற்றது. பிறப்பே சில வேளைகளிற் பதிவற்றது. இத்தகைய பிள்ளையோடு 2009 மே மாதத்திலே வட்டுவாகற் பாலத்தைக் கடந்து வந்தவளைத்தான், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பண்ணை முகாம்கள் ஏற்றன. அவற்றுள் இறுதி முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது.

முகாமிலும் மீள்குடியேற்றத்திலும் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு அலுவலர்கள் சோர்வின்றி உழைத்ததையும், நீதவான்கள் தகுந்த ஆள் கட்டளைகளை வழங்கியதையும் குறிப்பிடாது விடுதல் நேர்மையன்று. 2009 இறுதியிலே வவுனியாவில் யுனிசெப்பின் துணையோடு குடும்பங்களைத் தேடி இணைக்கும் பிரிவொன்று தொடங்கப்பட்டது. 2011 நடுப்பகுதிவரை அங்கே பதியப்பட்ட 2,564 தேடல் விண்ணப்பங்களுள் 676 பிள்ளைகளைப் பற்றியவை. அங்கே பெற்றோர் பிள்ளைகளைத் தேடினர். பேர்த்திமாரின் கையிலோ பிள்ளை இருந்தது, பெற்றோரைக் காணோம். கையில் உள்ள பிள்ளைக்குத் தான் உரியவள் என்று சொல்லும் கடதாசிக்காகவே அவள் அலைந்தாள்.

அக்கடதாசிக்குக் குறுக்கே நின்றது மரணச் சான்றிதழ். ஏழாண்டுகள் செய்தி இல்லாதவரை இறந்தவராக ஊகிப்பது சான்றுச் சட்டத்தின் பழைய விதி. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணங்களைப் பதிவுசெய்தல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் அதனை ஓராண்டாகக் குறைத்தது. காணாமற்போனவரின் மரணத்தை உறவினர் சத்தியக் கடதாசி கொடுத்துப் பதியலாம். இச்சட்டம் வடக்குக்கென்று புதிதாகப் படைக்கப்பட்டதன்று. 1995ஆம் ஆண்டிலும் 1998ஆம் ஆண்டிலும் இதே பெயரில் இதே வகையான சட்டங்கள் இயற்றப்பட்டன. தெற்கிலே 1987 முதல் 1990 வரை நிகழ்ந்த கொடுமைகளிலே காணாமலாக்கப்பட்ட சிங்கள இளைஞரின் குடும்பங்களும் அக்காலத்திற் சான்றிதழ் தேடி அலைந்தவையே. 1984இல் யாழ்ப்பாணத்திலும் 1990இல் தெற்கிலும் அன்னையர் முன்னணி என்ற ஒரே பெயரில் இயக்கங்கள் எழுந்தன. மாத்தறைப் பாட்டியும் முல்லைத்தீவுப் பேர்த்தியும் வெவ்வேறு மொழிகளில் ஒரே படிவத்தை நிரப்பினர் என்பதை நம் மாணவர்க்குச் சொல்ல வேண்டும்.

உதவி நல்கும் நோக்கோடு வந்த இச்சட்டத்தை வன்னியிற் பலர் ஏன் மறுத்தனர்? மரணத்தைப் பதிந்தால் இழப்பீடு உண்டு, காணியை மாற்றலாம், பிள்ளையின் காவலுக்கு வழி திறக்கும். ஆனால் தன் கண்முன்னே இராணுவத்திடம் சரணடைந்த மகளை, எவ்வாறு இறந்தாள் என்று எவரும் சொல்லாத நிலையில், இறந்தாள் என்று தாயே சத்தியம் செய்யவேண்டும். கொன்றவன் யார் என்ற கேள்வி அக்கையெழுத்தோடு மூடப்படும் என்ற அச்சம் அவளுக்கு இருந்தது. அச்சம் ஆதாரமற்றதன்று. உடைமையைக் கைமாற்றுவதற்கு மரணம் ஒன்றே போதும், காரணம் வேண்டியதில்லை. சட்டம் கேட்டது அவ்வளவே. பேர்த்திக்கோ காரணமே எல்லாம்.

ஆறாண்டுகள் கழிந்தபின், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் இந்த முடிச்சைச் சிறிது தளர்த்தியது. அதே ஆண்டிலே காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம் என்று வந்தது. அவர் இறந்தார் என்று அது சொல்வதில்லை. காணக்கிடைக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அச்சான்றிதழைக் கொண்டு நலன்புரி உதவிகளைக் கேட்கலாம். காணாமற்போனவரின் உடைமையைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். அவரில் தங்கிவாழும் பிள்ளைகளுக்குத் தற்காலிகப் பாதுகாவலராக நியமிக்குமாறு மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். மரணத்தை எழுதாமலே பேர்த்தி பிள்ளையின் காவலைக் கேட்பதற்கு நம் நாட்டுச் சட்டத்திலே முதன்முறையாக ஒரு சொற்றொடர் கிடைத்தது. தாய்மாரின் பிடிவாதம் பெற்றுத்தந்த சொற்றொடர் அது என்பதில் ஐயமில்லை.

அதன் குறையையும் மறத்தலாகாது. 2019ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் இச்சான்றிதழ் உள்ளோருக்கு மாதம் 6,000 ரூபா வழங்க முன்வந்தது. 2022 மார்ச்சிலே ஒருமுறைக் கொடுப்பனவாக ஒரு இலட்சம் ரூபா என்று அமைச்சரவை முடிவு செய்தது. உண்மையைக் கூறாது பணத்தை நீட்டுகிறார்கள் என்று குடும்பங்கள் பல அதனை மறுத்தன. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலே தொடங்கி, வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பரவிய தொடர் போராட்டத்திலே அமர்ந்திருந்தோரைப் பார்த்தவர்கள் அறிவர்: அவர்களுட் பெரும்பாலோர் பேர்த்திமாரும் பேரன்மாருமே. பந்தலிலே தொடங்கிய பலர் இன்று உயிரோடில்லை.

ஈண்டு சட்டத்தின் ஒரு விந்தையையும் சுட்ட வேண்டும். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே 141ஆம் உறுப்புரை ஆட்கொணர்வு எழுத்தாணையைப் பற்றியது. சட்டத்துக்கு மாறாகத் தடுத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் செய்வது அதன் பணி. அதே உறுப்புரை, பிள்ளைகளின் கட்டுக்காப்புப் பற்றிய பிணக்கையும் குறிப்பிடுகிறது. என் மகள் எங்கே என்று கேட்பதற்கும், என் பேரப்பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கும் வாயில் ஒன்றே. முதற்கேள்வியை வன்னிக் குடும்பங்கள் கேட்டன. 2022 டிசம்பரிலே, 2009 மே மாதத்திற் சரணடைந்த ஒருவரை முன்னிலைப்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. முதற்கேள்விக்கு விடை கிடைத்திருப்பின், இரண்டாம் கேள்வி பலருக்கு எழுந்தே இராது.

பிறநாட்டார் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர்? ஆர்ஜென்டீனாவிலே 1976இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், சிறையிலே பிள்ளைபெற்ற இளம்பெண்கள் மறைந்தனர். பிள்ளைகள் அதிகாரத்திலிருந்தோரின் வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டன. 1977இல் மே சதுக்கப் பாட்டியர் என்ற இயக்கம் எழுந்தது. நடுத்தலைமுறை இல்லாதவிடத்துப் பாட்டியின் இரத்தத்தைக் கொண்டே பேரப்பிள்ளையை இனங்காண முடியுமா என்று அவர்கள் விஞ்ஞானிகளிடம் கேட்டனர். முடியும் என்று மேரி-கிளேர் கிங் முதலியோர் வழிகண்டனர். 1987இல் அதற்கெனத் தேசிய மரபணு வங்கியே சட்டத்தால் நிறுவப்பட்டது. ஏறத்தாழ ஐந்நூறு பிள்ளைகள் என்று மதிப்பிடப்பட்டோருள் 130க்கு மேற்பட்டோர் தம் அடையாளத்தை மீளப் பெற்றுள்ளனர். பேர்த்திக்கும் பிள்ளைக்கும் நடுவே சட்டம் கண்ட இடைவெளியை அங்கே மக்கள் இயக்கமும் விஞ்ஞானமும் சேர்ந்து கடந்தன.

அண்டை நாடாகிய இந்தியாவிலே 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றும் நினைக்கத் தக்கது. கொவிட் நோயிலே பெற்றோரை இழந்த சிறுவனைத் தாயின் சகோதரியிடம் ஒப்படைத்திருந்தது குஜராத் உயர் நீதிமன்றம். அவர் வயதிற் குறைந்தவர். அரச ஊழியம் உடையவர். குடும்பமும் பெரியது என்பன காரணங்கள். உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, தந்தைவழிப் பாட்டன் பாட்டியிடமே சிறுவனை ஒப்படைத்தது. வருமானமும் வயதும் மட்டுமே காவலை முடிவு செய்யும் அளவுகோல் ஆகா என்பது அதன் கருத்து. முதுமையும் வறுமையும் குற்றங்களாகக் கருதப்படும் அலுவலகங்களிலே இத்தீர்ப்பைச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

பேர்த்தியின் உரிமையைப் பேசும்போது மிகைப்படுத்தலும் ஆகாது. உயிரோடிருக்கும் தந்தை தன் பிள்ளையைக் கேட்கும் உரிமையைச் சீதனப் பகையால் மறுக்கும் பேர்த்திமாரும் உண்டு. சாதி பார்த்து மருமகனின் வாயிலை மிதிக்கவிடாதோரும் உண்டு. பேரப்பிள்ளையைச் சிறுவயதிலே மணம் முடித்துப் பொறுப்பை இறக்க நினைப்போரும் உண்டு. முதுமை தானாகவே நீதியாகிவிடாது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம், விரிந்த குடும்பத்தின் பொறுப்பை மதிப்பதோடு, தன்னைப் பற்றிய முடிவிலே பிள்ளையின் சொல்லையும் கேட்க வேண்டும் என்கிறது. காவல் என்பது பெரியவர் இருவர் பங்கிடும் காணியன்று. பிள்ளையின் வாயிலிருந்தும் ஒரு சொல் கேட்கப்பட வேண்டும்.

போர் முடிந்தபின்னும் பேர்த்தியின் மடி வெறுமையாகவில்லை. வறுமை தாயரை மத்திய கிழக்குக்கு அனுப்பியது. 2013இல் அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வெளிநாடு செல்வதைத் தடுத்து, மூத்த பிள்ளைகளுக்கு மாற்றுப் பாதுகாவலரைக் காட்டுமாறு கேட்டது. 2022இன் பொருளாதார வீழ்ச்சியின்போது அவ்வயதெல்லை தளர்த்தப்பட்டது. படிவத்தின் அந்த வரியிலும் எழுதப்பட்ட பெயர் பெரும்பாலும் அம்மம்மாவினதே. நாட்டுக்கு வேண்டிய அந்நியச் செலாவணியின் ஒரு பங்கை, கூலியின்றிப் பிள்ளை வளர்க்கும் கிழவியரே ஈட்டித் தருகின்றனர் எனின் அது மிகையாகாது. அவர்களது உழைப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். 1707இலே பிள்ளை சீதனத்தோடு வந்தது. 1844வரை அடிமைப் பிள்ளை ஆண்டையோடு சென்றது. 1889இலே பிள்ளை சொத்தின் பின்னே நின்றது. 2010இலே பிள்ளைக்கு வழி மரணப் பதிவினூடாகச் சென்றது. ஒவ்வொரு முறையும் சட்டம் வேறொன்றைக் காக்க வந்து, வழியிலே பிள்ளையைக் கண்டது. பிள்ளையைப் பிள்ளையாக நோக்கிய விதிகள் எல்லாம் மக்களின் கோரிக்கையால் வந்தவை.

இனிச் செய்ய வேண்டுவன எளியவை. பிள்ளையை உண்மையிலே வளர்த்து வருபவர் பேர்த்தியோ பேரனோ ஆயின், பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அதுவே போதிய ஆதாரமாதல் வேண்டும். நீதிமன்றக் கட்டளை தேவைப்படும்போது அதனைச் செலவின்றி, தாய்மொழியிலே, ஊருக்கு அருகே பெற வழி வேண்டும். காணாமற்போனவரைப் பற்றிய உண்மையும் பிள்ளையின் காவலும் ஒன்றுக்கொன்று விலையாக்கப்படல் ஆகாது. வளர்க்கும் முதியோருக்கு உதவித்தொகை, இரக்கமாக அன்றி, ஊதியமாகக் கிடைத்தல் வேண்டும்.

தற்காலிகக் காவல் என்ற சொல்லை இறுதியாக ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். 2009 மே மாதத்திலே கைக்குழந்தையாக வட்டுவாகலைக் கடந்த பிள்ளைகள் இன்று பதினெட்டை நெருங்குகின்றனர். அவர்களுக்கு மூத்தோர் அதனைக் கடந்துவிட்டனர். பதினெட்டுக்குப் பின் சட்டத்துக்கு அவர்களது காவலைப் பற்றிக் கேள்வி இல்லை. ஆகவே அவர்களின் பிள்ளைப்பருவம் முழுவதும் ‘தற்காலிகம்’ என்ற ஒரு சொல்லின் கீழேயே கழிந்தது. என் முன்னே வந்து நின்ற மூதாட்டி, மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. பாதுகாவலர் என்ற வரியிலே அவர் பெயரை நானே எழுதினேன். உறவுமுறை என்ற வரியிலே ‘பேர்த்தி’ என்று எழுதினேன். படிவத்தைப் பார்த்த புதிய எழுதுவினைஞர், இது பிள்ளையின் உறவா, பாதுகாவலரின் உறவா என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.